குன்றில் வேண்டாம், குடத்தில் போதும்



பொங்கல் விழா முடிந்த கையோடு நம் சங்கத்துச் செயற்குழு கழக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் கூடியது. விழாக் கணக்கு பத்தே நிமிடத்தில் ஒப்புதல் பெற்றுவிட்டது. அடுத்த பொருள், மாசி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையன்று குடும்பங்களோடு ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்குவது. இடம் விதுராவுக்கு அப்பால், நமக்குத் தெரிந்த ஒருவரின் ரப்பர் தோட்டம். ஒன்பது குடும்பங்கள், முப்பத்து நான்கு பேர். புளியோதரை யார், தயிர் சாதம் யார், பாய் தலையணை யார் என்பதெல்லாம் சுமுகமாக முடிவாயிற்று. கடைசியில் ஒருவர் கேட்டார்: “வெளிச்சத்துக்கு என்ன ஏற்பாடு?”

அதோடு அமைதி போயிற்று. பந்தல்காரரிடம் ஜெனரேட்டரும் இரண்டு ஃபோகஸ் விளக்குகளும் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். பெட்ரோமாக்ஸ் இருந்தால்தான் முகாம் போல இருக்கும் என்றார் இன்னொருவர். செல்போனில்தான் டார்ச் இருக்கிறதே, விளக்கே எதற்கு என்றார்கள் டெக்னோபார்க் இளைஞர்கள். நான் ஜெனரேட்டர் வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்குவதற்குள் காபி வந்துவிட்டது. “எழுதிக் கொடுங்கள் சார், மலரில் போடுகிறோம்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

தமிழில் இரண்டு விளக்குகளைச் சொல்வார்கள். ஒன்று குன்றிலிட்ட விளக்கு, மற்றொன்று குடத்திலிட்ட விளக்கு. திறமை குன்றிலிட்ட விளக்காக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பாடம். மனிதர்களின் திறமைக்கு அது சரி. காட்டோரம் தங்கும் இரவுக்கு மட்டும் குடத்திலிட்ட விளக்கே நல்லது என்பது என் கருத்து. இந்தக் கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு மனிதரின் மணிக்கட்டு முறிந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நான்கு குடும்பத்தினர் இதே பகுதியில் வேறொரு தோட்டத்தின் ஓரமாகத் தங்கினோம். புறப்படுமுன் நான் கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தரும் டார்ச்சைக் கேட்டு வாங்கினேன். 1,000 லூமென். தென்னை மர உச்சிக்கு அடித்துக் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

விடியற்காலை நான்கு மணி இருக்கும். கூடாரத்துக்கு வெளியே சருகு மிதிபடும் சத்தம். பன்றியோ, திருடனோ என்று பதறி எழுந்து, ஜிப்பைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் டார்ச்சை அடித்தேன். அங்கே வந்துகொண்டிருந்தவர் பால்வெட்டுத் தொழிலாளி. என்னைப் போலவே குமரி மாவட்டத்துக்காரர். நெற்றியில் ஒரு சிறிய விளக்கு, கையில் கத்தி, இடுப்பில் கூடை. என் டார்ச் வெளிச்சம் நேராக அவர் கண்ணில் விழுந்தது. ஒரு நொடி கையால் முகத்தை மறைத்தவர், அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேட்டுத் தட்டின் விளிம்பில் கால் வைத்து, கீழ்த் தட்டில் விழுந்தார். கை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

ரப்பருக்குப் பால் நன்றாக இறங்கும் மாதம் அது. அந்த மாதங்களில்தான் அவர்களுக்கு நாலு காசு. கட்டுப் போட்ட கையோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த ஆறு வாரங்களுக்கும் நாங்கள் பணம் கொடுத்தோம். கொடுத்தது போதுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் வண்டியில் அவர் கோபப்படாமல் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நான் மறக்கவில்லை: “சார், லைட்ட மூஞ்சியில அடிக்காதீங்க. காலுல அடிங்க.”

யோசித்துப் பாருங்கள். பால் வெட்டுவது நுணுக்கமான வேலை. பட்டையை மெல்லிய அளவுக்குச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும். அந்த வேலையை அவர்கள் விடியுமுன் இருட்டில், நெற்றியில் கட்டிய ஒரு சிறு விளக்கை வைத்துக்கொண்டு, மரம் மரமாகச் செய்கிறார்கள். பள்ளம் மேடு, பாம்பு, வேர் எல்லாவற்றையும் கடந்து போகிறார்கள். அந்தச் சிறிய விளக்கு அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் கொண்டுபோன பெரிய விளக்குதான் அவரை விழச் செய்தது.

இதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நட்சத்திர வெளிச்சத்தில் பாதையின் ஓரம் தெரியும். பழகிய பழக்கத்தைக் கலைக்க ஒரே ஒரு பளிச் போதும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஃபோகஸ் விளக்கு போட்ட இடத்தில் நின்று வெளியே பார்த்தால் வட்டத்துக்கு அப்பால் கறுப்புச் சுவர் மாதிரி இருக்கும். வெளிச்சம் கூடக்கூட அந்தச் சுவரும் தடித்துக்கொண்டே போகும். “பாதுகாப்புக்குத்தான் பெரிய விளக்கு” என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் நாம் எல்லோருக்கும் தெரிவோம். வெளியே இருப்பது எதுவும் நமக்குத் தெரியாது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சம் சுமார் 12 லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென். பந்தல்காரர் தரும் 100 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு 10,000 லூமென் அளவுக்கு வரும். அதாவது ஒன்றே ஒன்று, ஏறக்குறைய 800 மெழுகுவத்திகளுக்குச் சமம். தயிர் சாதம் சாப்பிட 1,600 மெழுகுவத்திகள் எதற்கு என்பதே என் கேள்வி. வெளிச்சம் தூரத்தைப் பொறுத்துக் குறைவது நாம் பள்ளியில் படித்ததுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. இதையே திருப்பிப் போட்டால் நமக்கு லாபம். விளக்கை உயரே மரத்தில் கட்டாமல், வேலை நடக்கும் இடத்துக்கு அருகே, இடுப்பு உயரத்துக்குக் கீழே வைத்தால் சின்ன விளக்கே போதும். யார் கண்ணையும் கூசச் செய்யாது.

பெட்ரோமாக்ஸ் கேட்ட அன்பருக்கு என் தனி வணக்கம். அந்த உஸ்ஸென்ற சத்தம் கேட்டால் எனக்கும் ஊர்த் திருவிழாவும் கல்யாண வீடும் நினைவுக்கு வரும். 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் மேன்டிலைப் பற்றிச் செந்தில் கேட்ட சந்தேகமும், கவுண்டமணி பட்ட பாடும் யாருக்குத்தான் மறக்கும்? அந்த மேன்டிலுக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. ஆவுர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1891-இல் தோரியத்தையும் சிறிதளவு சீரியத்தையும் சேர்த்துச் செய்த மேன்டில்தான் உலகெங்கும் பரவியது. தோரியம் மோனசைட் என்னும் மணலில் கிடைக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலை அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டுபிடித்தார். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். ஆக, எங்கள் குமரிக் கடற்கரை மண் ஐரோப்பாவின் வீதிகளில் விளக்காக எரிந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனாலும் பெருமை வேறு, பயன் வேறு. பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். இன்று அது கிடைப்பதே அரிது. பம்ப் அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் எரிந்து சாம்பலான மேன்டில் உதிர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோமாக்ஸ், அரிக்கேன், கேஸ் விளக்கு, மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் என்று எரிகிற எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கூடாரத் துணி நொடியில் பற்றும். மூடிய இடத்தில் எரியும் நெருப்பு வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

எல்.இ.டி. விளக்கு இந்தக் கவலைகளை நீக்கிவிட்டது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்திலிருந்துதான் இன்றைய வெள்ளை வெளிச்சம் வருகிறது. அதனால்தான் கடையில் வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். பெட்டியில் 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 கே என்றால் அகல் விளக்கு மாதிரி மஞ்சள். பூச்சிகளைப் பொதுவாக நீல வெள்ளைதான் அதிகம் இழுக்கும். ரசத்தில் ஈசல் விழாமல் சாப்பிட விரும்பினால் மஞ்சளை வாங்குங்கள். சிவப்பு வெளிச்சமும் தரும் நெற்றி விளக்குகள் கிடைக்கின்றன. மங்கலான சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. இரவில் குழந்தைக்குப் போர்வை சரி செய்ய அது போதும். பக்கத்தில் படுத்திருப்பவரும் விழிக்க மாட்டார்.

பெட்டியில் அச்சிட்ட எண்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். டார்ச் கம்பெனிகள் பல பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அமெரிக்க அளவுமுறைப்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். எட்டும் தூரம் என்பது வெளிச்சம் வெறும் நிலா வெளிச்சம் அளவுக்கு மங்கும் வரையிலான தூரம். வீட்டிலேயே ஓர் இரவு எரியவிட்டுப் பார்ப்பதுதான் நல்ல சோதனை.

மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் தேவையா? 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றில் 37 வாட்-மணி மின்சாரம் இருக்கும். சேதாரம் போகக் கையில் கிடைப்பது 30 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாட் விளக்கு அதில் பத்து மணி நேரம் எரியும். நமக்கு வேண்டியதோ மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை. நம் இளைஞர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு பவர் பேங்க் இருக்கிறது. ஆனால் செல்போனையே விளக்காகப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. அவசரத்துக்கு ஒருவரை அழைக்க வேண்டிய கருவியின் பாட்டரியை, பாத்திரம் கழுவ வெளிச்சம் காட்டித் தீர்த்துவிடக் கூடாது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும் போய்விடுகிறது.

கூட்டத்தில் பெண்கள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான கேள்வி வந்தது. “இருட்டு அழகு என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள் அண்ணா. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போவது நாங்கள்தானே?” என்று கேட்டார் ஒரு சகோதரி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். எனவே வெளிச்சத்தைக் குறைப்போம் என்று சொல்லும்போது, அதை எங்கே குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடாரத்திலிருந்து கழிப்பறை வரை பாதையைப் பகலிலேயே செதுக்கிச் சுத்தம் செய்து, இரு பக்கமும் வெள்ளைக் கயிறு கட்டிவிடலாம். கழிப்பறை வாசலில் தரையைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் விளக்கு இரவு முழுதும் எரியட்டும். யாரும், ஆண்களும்கூட, விளக்கில்லாமல் ஓரடி வைக்கக் கூடாது. செருப்பை உதறிப் போட வேண்டும். கூடார ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். பாம்பிடமிருந்து நம்மைக் காப்பது காலடியில் விழும் வெளிச்சம்தான். மரக்கிளையில் எரியும் ஃபோகஸ் விளக்கு, புல்லுக்குள் நிழலைத்தான் உண்டாக்கும்.

நாம் தங்கப் போவது தனியார் தோட்டம். அதற்கு அப்பால் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் பேப்பாறை அணையிலிருந்தும் அருவிக்கரையிலிருந்தும் வருவது. அந்தக் கரமனை ஆறு பிறப்பது அகத்தியர் மலைப் பகுதியில். அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் நம் தாமிரபரணி பிறக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் பொதிகை என்று கிழக்கிலிருந்து பார்த்து வளர்ந்த மலையை நாம் இங்கே மேற்கிலிருந்து பார்க்கிறோம். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த அகத்தியர்கூடத்துக்கு, போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக வனத்துறை ஆண்டுதோறும் ஆட்களை அனுமதிக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2018-இல் வழிவிட்ட பிறகு, 2019 ஜனவரி முதல் பெண்களும் போய்வருகிறார்கள். அந்தக் காட்டில் யானையும் காட்டெருதும் கரடியும் வாழ்கின்றன. நம் வேடிக்கைக்காக அவற்றின் கண்ணில் டார்ச் அடிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. மிரண்ட யானை நம்மிடம் வராவிட்டாலும், பக்கத்துக் குடியிருப்பின் வாழைத் தோட்டத்துக்குப் போகலாம். நாம் ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டம் திரும்பிவிடுவோம். அங்கே இருப்பவர்கள் திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்பார்கள்.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியபோது கழக்கூட்டத்தில் இரவு என்றால் இரவுதான். இன்று நெடுஞ்சாலை விளக்குகள், அடுக்குமாடிகள், இரவு முழுதும் எரியும் அலுவலகக் கண்ணாடிகள். இவையெல்லாம் நமக்குச் சோறு போடும் வெளிச்சம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் உண்மையான இருட்டைப் பார்த்ததே இல்லை. பாட்டி வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்து நட்சத்திரம் எண்ணிய கடைசித் தலைமுறை நாம்தான் போலிருக்கிறது.

மாசி மாதத்தில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்த்து நிற்கும். கிளைகளுக்கிடையே வானம் தெரியும். இரவு ஒன்பது மணி அளவில் தெற்கே பாருங்கள். உச்சி வானத்துக்குச் சற்றுத் தெற்கே மிகப் பிரகாசமாக இருப்பது சிரியஸ். அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று இருக்கும். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இரண்டாவது அதுதான். அதற்கு நம் நாட்டில் அகத்தியர் என்றே பெயர். மேலை நாட்டார் கனோபஸ் என்பார்கள். அகத்தியர் மலையடியில் நின்று அகத்திய நட்சத்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் ஏது? மேற்கே திரும்பினால் கார்த்திகை. ஆறு நட்சத்திரங்களையும் எண்ண முடிகிறதா என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டலாம். ஃபோகஸ் விளக்கின் கீழ் அந்தப் பந்தயம் நடக்காது.

ஆகவே செயற்குழுவுக்கு என் தாழ்மையான யோசனை இது. ஜெனரேட்டர் வாடகைப் பணத்தில் மூன்று மஞ்சள் லாந்தர் விளக்குகள் வாங்குவோம். ஒவ்வொன்றும் 200 லூமென், மழை படாமல் காக்கும் மூடியுடன். ஒன்று அடுப்பருகே, ஒன்று பந்தி நடக்கும் இடத்தில், ஒன்று கழிப்பறை வாசலில். அவை சங்கத்தின் சொத்தாக அடுத்த ஆண்டுக்கும் இருக்கும். குடும்பத்துக்கு இரண்டு நெற்றி விளக்குகள் அவரவர் கொண்டுவரட்டும். மாற்று பாட்டரியும் கூடவே. மருந்துப் பெட்டியோடு பெரிய டார்ச் ஒன்று பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும், யாராவது வழி தவறினால் தேடுவதற்காக. ஒன்பது மணிக்கு, கழிப்பறை விளக்கு தவிர மற்றவை அரை மணி நேரம் அணைந்திருக்கட்டும். அந்த அரை மணியில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்போம்.

அந்த 1,000 லூமென் டார்ச் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பொறுப்பாளரிடம் நானே கொண்டுவந்து தருகிறேன். அதன் பிடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: “காலில் அடிக்கவும்.”